எஞ்சினை மாற்றுவதா, இருக்கும் டர்போவைத் தேற்றுவதா?

தம்பி: காரைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மாமா, அக்கா இரண்டு பேரும் குழுவில் இருப்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என்னுடையது 2 லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர், பின்சக்கர இயக்கம். கம்பெனி கொடுத்தபடி 250 குதிரைத்திறன். எனக்கு 400 வேண்டும். எல்எஸ்1 என்ற 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் ஒன்று கியர்பாக்ஸோடு விலைக்கு வந்திருக்கிறது. என் எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு அதை வைக்கலாமா?

அத்தை: இப்போது ஓடும் வண்டிக்கு என்ன குறை கண்ணா?

தம்பி: குறை ஒன்றும் இல்லை அத்தை. நாலு சிலிண்டரில் இதற்கு மேல் போகாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

அக்கா: நன்றாகவே போகும். மெர்சிடிஸ் ஏஎம்ஜி 2019இல் கொண்டுவந்த எம்139 எஞ்சினும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஒரே ஒரு டர்போதான். ஏ45 எஸ் காரில் அது 421 குதிரைத்திறன் தருகிறது. ஷோரூமில் வாங்கி, உத்தரவாதத்தோடு தினமும் ஓட்டுகிற கார் அது.

அக்கா: இன்னும் பின்னால் போனால், 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்றது பிஎம்டபிள்யூவின் 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவில்தான். அதன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல், சாலையில் ஓடிய பிஎம்டபிள்யூ கார்களின் எம்10 பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது.

மாமா: அதெல்லாம் சரிம்மா. ஆனால் எம்139 அந்தச் சக்திக்காகவே செய்யப்பட்டது. ஃபோர்ஜ் செய்த, அதாவது அழுத்தி அடித்து உறுதியாக்கிய பிஸ்டன், ஃபோர்ஜ் செய்த கிராங்க், சிலிண்டர் சுவர்கள் மேலே நன்றாகப் பிணைந்த பிளாக். இவன் வண்டியில் இருப்பது 250க்குப் போட்ட கனெக்டிங் ராடு, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு. அதையும் சொல்.

அக்கா: சொல்கிறேன் மாமா, அதுதான் இதில் முக்கியமான இடம். முதலில் காற்றுக் கணக்கைப் பார்த்துவிடலாம். 2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 6000 லிட்டர் காற்று இழுக்கும். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். 5.7 லிட்டர் வி8 அதே வேகத்தில் 17,000 லிட்டர் இழுக்கும். சக்தி வருவது காற்றிலிருந்துதான், பெட்ரோல் அதற்குத் தக்கபடி சேர்கிறது. எக்ஸாஸ்ட் வாயுவில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போ, அது தரும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். இப்போது உன் டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு. வெப்பத்தைச் சமாளித்துவிட்டால் உன் 2 லிட்டர், ஏறக்குறைய 4 லிட்டர் எஞ்சினைப் போலக் காற்று வாங்கும். பெரிய எஞ்சின் தருவதில் பெரும்பகுதி உன் பானட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

தம்பி: அப்படியானால் வி8க்கு அர்த்தமே இல்லையா?

மாமா: இருக்கிறது. பூஸ்ட் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். 1500 ஆர்பிஎம்மிலேயே முறுக்குவிசை கைக்கு வந்துவிடும். எல்எஸ்1 அலுமினிய பிளாக், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சிறியது. வி8 என்று சொல்லும் அளவுக்கு அகலமோ உயரமோ இருக்காது. எத்தனையோ வண்டிகளில் அது உட்கார்ந்திருக்கிறது. அதிகம் திணறாமல் ஓடுகிற எஞ்சின்.

அக்கா: மாமா, 1997இல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் அது வந்தபோது எத்தனை குதிரைத்திறன்?

மாமா: 345.

அக்கா: பார் தம்பி. உனக்கு வேண்டியது 400. எஞ்சினை இறக்கி, ஏற்றி, அத்தனை வேலையும் செய்து முடித்த பிறகு நீ நிற்கப்போவது 345இல். அதுவும் புது எஞ்சினாக இருந்தபோது சொன்ன கணக்கு.

மாமா: கேம் மாற்றி, ஹெட்டைச் சரிசெய்தால் 400 வரும்.

அக்கா: வரும். ஆனால் அது இரண்டாவது செலவு.

சித்தப்பா: எஞ்சின் விலை மட்டும்தானே? மற்றதெல்லாம் போல்ட் போட்டு மாட்டுகிற வேலைதானே?

மாமா: இல்லை, எஞ்சின் விலைதான் இதில் சின்னத் தொகை. மவுன்ட் புதிதாகச் செய்ய வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை நீளம் மாற்றிச் செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பெரிய ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் முழுக்கப் புதிது, பெட்ரோல் லைன், ஏசி கம்ப்ரஸர் இணைப்பு. இதெல்லாம் பட்டறையில் முடிகிற வேலை. வயரிங்தான் முடியாமல் இழுக்கும். எஞ்சினை மாட்டிய பிறகு வயரிங்கில் சிக்கி ஸ்டாண்டிலேயே நிற்கும் வண்டிகள் நிறைய உண்டு.

அக்கா: அது ஏன் என்று நான் சொல்கிறேன். இப்போதைய காரில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு தனியாக இல்லை. ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், மீட்டர் போர்டு, இம்மொபிலைசர், எல்லாம் கேன் பஸ் என்ற தகவல் கம்பி வழியாக அதனோடு பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சக்கரம் வழுக்கினால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எஞ்சினிடம் ‘முறுக்குவிசையைக் குறை’ என்று கேட்கும். 1990களின் வி8 ஈசியுவுக்கு உன் காரின் மொழி தெரியாது. தனி ஈசியு வைத்து அந்தச் செய்திகளை எல்லாம் உருவாக்கிக் கொடுக்க ஆள் வேண்டும். செய்யாமல் விட்டால் மீட்டரில் விளக்குகள் எரிவதோடு போகாது. மழையில் காப்பாற்ற வேண்டிய அமைப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அத்தை: அந்த ஒரு வரி போதும் எனக்கு. வி8 வேண்டாம்.

தம்பி: சரி, அப்படியென்றால் ஸ்டேஜ் 1 ஃபைல், ஈசியுவின் அமைப்புகளை மாற்றும் ரீமேப், ஒன்று நெட்டில் கிடைக்கிறது. லேப்டாப் வழியாக ஈசியுவில் ஏற்றினால் 250லிருந்து 300 என்கிறார்கள். இன்றைக்கே போட்டுவிடவா?

அக்கா: தயவுசெய்து போடாதே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

அக்கா: காற்றை அழுத்தினால் சூடாகும். 20 டிகிரியில் இருக்கும் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், வெளியே வரும்போது அது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். இன்டர்கூலர் அதை 40க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் 20 சதவீதம் அதிகக் காற்று சிலிண்டருக்குள் போகும். அதோடு நாக்கிங் ஆபத்தும் விலகும். நாக்கிங் என்றால், ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடிப்பது. லேசாக இருந்தால் ஈசியு இக்னிஷனைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும். பலமாக வந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பகுதி உடையும்.

அக்கா: நெட்டில் கிடைக்கும் ஃபைலை எழுதியவருக்கு நீ போடும் பெட்ரோலின் ஆக்டேன் தெரியாது, உன் இன்டர்கூலரின் நிலை தெரியாது, உன் ஊர் வெயிலும் தெரியாது. அதே ரீமேப்பை, சக்தியை அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றி, வைட்பேண்ட் சென்சாரில் காற்று-எரிபொருள் விகிதம் பார்த்து, எந்தச் சிலிண்டரில் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பதிவுசெய்து எழுதினால், அது உன் வண்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 300ஐ ஒட்டிய சக்தி அப்படிக் கிடைத்தால் எஞ்சினுக்கு ஆபத்து குறைவு.

மாமா: இதில் நான் முழுக்க இவள் பக்கம். என்னிடம் வரும் உடைந்த டர்போ எஞ்சின்களில் பெரும்பாலும் பூஸ்ட்டை யாரோ கண்மூடித்தனமாக ஏற்றிவிட்டிருப்பார்கள்.

தம்பி: 400?

அக்கா: அதற்குத்தான் மாமா சொன்ன ராடு. கேட்டுக்கொள். ராடை வளைப்பது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அதாவது முறுக்குவிசை. சக்தி என்பது முறுக்குவிசையும் ஆர்பிஎம்மும் சேர்ந்தது. 2500 ஆர்பிஎம்மில் 500 நியூட்டன் மீட்டர் எடுத்தால் உனக்குக் கிடைப்பது ஏறக்குறைய 178 குதிரைத்திறன்தான், ஆனால் ராடு அப்போதுதான் அதிகம் நசுங்கும். 6500இல் 430 நியூட்டன் மீட்டர் எடுத்தால் கிட்டத்தட்ட 400 வந்துவிடும். ஆகவே கீழே முறுக்குவிசையை அடக்கி, மேலே மூச்சு விட இடம் கொடுக்கிற மாதிரி மேப் எழுத வேண்டும். சின்ன டர்போ மேலே திணறும் என்பதால் அளவு பொருந்திய பெரிய டர்போ வேண்டும்.

மாமா: ஆர்பிஎம்மை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது தம்பி. பிஸ்டன் மேலும் கீழும் போகிற இழுவை, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். கம்பெனி வைத்த ரெட்லைனுக்குள்ளேயே, அதாவது ஆர்பிஎம் உச்ச வரம்புக்குள்ளேயே, இருக்கட்டும்.

அக்கா: ஆமாம். அப்புறம் ஒரு பழக்கம். இன்றைக்கே, எதையும் மாற்றாமலே கடைப்பிடி. டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதே. உன்னுடையதைப் போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் அந்த நிலையில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தீப்பற்றுவதுண்டு. ஒரே வெடிப்பில் பிஸ்டன் போய்விடலாம். கியரைக் குறைத்துவிட்டு மிதி. ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஏபிஐ எஸ்பி தரம் என்று இருக்கிறதா பார்த்து வாங்கு, இந்தப் பிரச்சினையையும் சோதித்துத்தான் அந்தத் தரம் கொடுக்கிறார்கள்.

தம்பி: இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. தினமும் அப்படித்தான் ஓவர்டேக் செய்கிறேன்.

அத்தை: இனிமேல் செய்யாதே.

சித்தப்பா: எனக்கு ஒரு கேள்வி. காகிதம் எல்லாம் என்ன ஆகும்? எஞ்சின் நம்பர் பதிவில் இருக்குமே.

மாமா: எஞ்சின் மாற்றினால் பதிவில் மாற்றியே ஆக வேண்டும். அந்தந்த நாட்டுச் சட்டம் விடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரீமேப்பாக இருந்தாலும் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் விட்டால், விபத்தின்போது பணம் தர மறுக்கலாம்.

அக்கா: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுப் போடும் டவுன்பைப் குழாயும் பல நாடுகளில் சட்டவிரோதம். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காலை எடுத்ததும் எக்ஸாஸ்டில் பட்பட் என்று வெடிக்கிற சத்தத்துக்காக மேப் எழுதித் தருவார்கள், அதுவும் வேண்டாம். பெட்ரோலை வேண்டுமென்றே எக்ஸாஸ்டுக்குள் எரியவிட்டு வரும் சத்தம் அது. டர்பைனும் கன்வெர்ட்டரும்தான் அடி வாங்கும்.

தம்பி: மாமா, நீங்களே சொல்லுங்கள். எஞ்சின் மாற்றுவது எப்போது சரி?

மாமா: பிளாக் வெடித்துவிட்டால் மாற்றலாம். டர்போ இல்லாத சின்ன எஞ்சினாக இருந்தாலும் மாற்றலாம். அதற்கு டர்போ வைத்துக் கட்டுகிற செலவும் எஞ்சின் மாற்றும் செலவும் நெருங்கி வந்துவிடும். ட்ராக்கில் மட்டும் ஓடுகிற வண்டியென்றால் வயரிங் பாதி குறையும், ஏசி கிடையாது, அங்கேயும் சரி. உன்னுடையது இதில் எதிலும் வரவில்லை.

அக்கா: இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மாமா. அதே கார் மாடலில் கம்பெனியே ஆறு சிலிண்டர் எஞ்சினும் விற்றிருந்தால், அதை வைப்பது நல்ல மாற்றம். மவுன்ட், கியர்பாக்ஸ், வயரிங், ரேடியேட்டர் எல்லாம் கம்பெனி பாகமாகவே கிடைக்கும், ஈசியுவும் மற்றவற்றோடு பேசும். என்றைக்காவது இவன் எஞ்சின் போய்விட்டால் நான் கை காட்டுவது அதைத்தான். எல்எஸ்1ஐ அல்ல.

மாமா: அதுவும் சரி. நான் வி8 என்று பேசியது ஆசையில். உருட்டி உருட்டி ஓடுகிற அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தம்பி: சரி. வி8 விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கே ஆரம்பிப்பது?

அக்கா: எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பதில். சிலிண்டர் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், அப்புறம் காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன். அதில் தேறினால் புது ஸ்பார்க் பிளக், இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து. பூஸ்ட் கூடும்போது ஸ்பார்க் தாவுவது கஷ்டமாகிவிடும். பிறகு இன்டர்கூலர், டைனோ ரீமேப். கிளட்ச் அங்கேயே வழுக்க ஆரம்பிக்கலாம், அதற்கும் பணம் எடுத்து வை. அந்த 300ஐப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டு. போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடு. இன்னும் வேண்டுமென்றால் டர்போ, ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப், ராடு, பிஸ்டன் எல்லாம் ஒரே தடவையில் திறந்து செய்வோம். பாதி பாதியாக வேண்டாம்.

அத்தை: பிரேக்?

அக்கா: நல்ல கேள்வி அத்தை. அதுதான் ரீமேப்புக்கும் முன்னால். நல்ல டயர், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் பேட், புது பிரேக் ஆயில். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

சித்தப்பா: பிரேக் செலவை நான் கொடுக்கிறேன். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

தம்பி: ரொம்ப நன்றி சித்தப்பா. மாமா, ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரட்டுமா? கம்ப்ரஷன் பார்த்துவிடலாம்.

மாமா: காலையிலேயே வா. எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், அதனால் நேராக ஓட்டிக்கொண்டு வா, வழியில் நிறுத்தி ஆறவிடாதே. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் அக்காவிடம் டைனோவுக்கு நாள் குறிக்கச் சொல்லலாம்.

அக்கா: நானும் வருகிறேன். கடைசியாக எந்த ஆயில் ஊற்றினாய், எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று எழுதிக்கொண்டு வா.