காலோ ஷாப் வெள்ளிக் கிண்ணத்துக்கு பாலிஷ் போடலாமா?

கேள்வி: சிகாகோவின் காலோ ஷாப் என்ற வெள்ளிப் பட்டறை செய்த கிண்ணம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அடியில் ‘ஸ்டெர்லிங்’ (92.5% வெள்ளி), ‘ஹேண்ட் ராட்’ (கையால் அடித்துச் செய்தது) என்று முத்திரை, சுத்தியல் தடங்களுக்குள் கறுப்பு ஏறியிருக்கிறது. மெஷின் பாலிஷ் போடலாமா?

பதில் 1: தயவுசெய்து வேண்டாம்! மெஷினின் பஃபிங் சக்கரம் அந்தத் தடங்களையே மழுக்கிவிடும், முத்திரையும் தேயும், போனது திரும்பாது. மென்மையான துணியும் வெள்ளிக்கான க்ரீமும் போதும். பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் கைவேலையை எடுத்துக்காட்டுகிறது.

பதில் 2: ஆமாம், அதேதான். கிளாரா வெல்ஸ் 1900இல் தொடங்கிய அந்தப் பட்டறை 1970 வரை நடந்தது, அதனால் முத்திரையின் வடிவத்தை வைத்துக் காலத்தைப் பாருங்கள். அப்புறம், மாசசூசெட்ஸின் வெள்ளிக் கைவினைஞர் ஆர்தர் ஸ்டோனின் பட்டறைப் பொருள் கிடைத்தால் விடாதீர்கள். பலவற்றில் செய்த கைவினைஞரின் முதலெழுத்தும் பக்கத்திலேயே இருக்கும், எனக்கு அதுதான் உயிர்.

கேட்டவர்: சரி, துணியே எடுக்கிறேன். நன்றி.