ஒரு பழக்கம் ஒட்ட 21 நாளா, 66 நாளா?

நொய்யல்காரன்: தினம் ஒரே ஒரு தண்டால், 21 நாள் விடாமல் எடுங்கள், அப்புறம் உடம்பே உங்களை எழுப்பிவிடும். நான் எடுத்துக் காட்டியாச்சு.

காங்கேயம் காளை: ஏனுங்க, இந்த 21ஐ யார் கிளப்பிவிட்டது என்றாவது தெரியுமா? 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். மூக்கு பழகுவதும் தண்டால் பழகுவதும் ஒன்றா? அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரை வைத்துப் பார்த்தது. 66 நாள்.

நொய்யல்காரன்: எனக்கு 21இல் வந்துவிட்டது. லண்டன்காரர்கள் பல்லடம் வந்து பார்த்தார்களா?

பவானி ஜமக்காளம்: சின்னதாக ஆரம்பிப்பதுதானே பேச்சு? சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேராக வீட்டுக்கு வராமல், பக்கத்துப் பிள்ளையார் கோயில் வரை நடக்க ஆரம்பித்தேன். 200 அடிகூட இருக்காது. இப்போது காலிப் போசி கையில் ஆடினாலே கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. எத்தனை நாள் ஆனது என்று எண்ணவில்லை.

காங்கேயம் காளை: எண்ணாதவருக்கு இங்கே என்ன வேலை? 66.

பவானி ஜமக்காளம்: பழக்கம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், அதையாவது...

சிங்காநல்லூர் கொக்கு: காளை, அதே ஆய்வில் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வருகிறதே, அதை ஏன் முழுங்கினீர்கள்? ஆய்வு நடந்ததே 84 நாள். 254 எங்கிருந்து வந்தது?

காங்கேயம் காளை: 84 நாளில் பார்த்ததை வைத்து மீதியைக் கணக்குப் போட்டு நீட்டினார்கள், அது ஒரு முறைதான். அரிசிம்பருப்புச் சோற்றுக்குப் பூண்டு ஆகாது என்று போன மாதம் கத்திய ஆள் எனக்கு ஆய்வு சொல்லித்தர வேண்டாம்.

சிங்காநல்லூர் கொக்கு: பூண்டை இழுத்தது நீங்கள். எங்கள் அம்மிச்சி கை அரிசிம்பருப்பைச் சாப்பிட்டிருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

நொய்யல்காரன்: அது கிடக்கட்டும். காளை ஒரு தண்டாலாவது எடுத்ததுண்டா?

காங்கேயம் காளை: ஜனவரியில் எடுத்தேன். எடுத்தவுடன் 30. நாலாம் நாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அதற்கும் 21க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நொய்யல்காரன்: ஓஹோ, நாலு நாள் ஆராய்ச்சிங்களா!

காங்கேயம் காளை: நடுவில் ஒரு நாள் தவறினால் பாதகமில்லை என்றும் அதே ஆய்வில் இருக்கிறது.

நொய்யல்காரன்: ஜனவரியிலிருந்து இன்றுவரை அந்த ஒரு நாள்தான் ஓடுதாக்கும்.

காங்கேயம் காளை: பேச்சை மாற்றாதீர்கள். 66.

சிங்காநல்லூர் கொக்கு: பூண்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை.