உணவுக்குழாய் அடைப்பு: அப்பாவுக்கு டிஸ்எபிலிட்டி பென்ஷன் இனி கிடைக்குமா?

கேள்வி (பாலக்கோடு)
அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 2007இல் ஓய்வு பெற்றார். சர்வீஸில் இருந்தபோதே சாப்பாடு நெஞ்சில் நிற்கும், இரவில் எதுக்களித்து இருமல் வரும். அக்கலேசியா (உணவுக்குழாயின் அடிவாய் சரியாகத் திறக்காத நோய்) என்று எழுதி, ஓய்வுக்கு முன் பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு 20 சதவீதம் ஊனம் என்று போட்டது, ஆனால் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று பென்ஷனை மறுத்துவிட்டார்கள். இப்போது களி உருண்டை இறங்குவதே இல்லை, கூழாகக் கரைத்துக் கொடுத்தாலும் நடுவில் எழுந்து நின்று தண்ணீர் குடித்தால்தான் உள்ளே போகிறது. உணவுக்குழாய் நோய்க்கு 50, 80 சதவீதம் உண்டு என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில் 1 (முன்னாள் படைவீரர், பர்கூர்)
தம்பி, அது அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான கணக்கு. 2024 மே மாதம் அங்கே விதி மாறியது, சுருங்கிய குழாயை வருடத்துக்கு இரண்டு முறை வரை விரித்துவிட்டால் 30 சதவீதம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 50 என்று போகும். நமக்கு அது ஆகாது. இங்கே 20 இருந்தால் போதும், பென்ஷன் கிடைத்தால் அதை 50 ஆகக் கணக்கிடுவார்கள், சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவுக்குச் சிக்கல் சதவீதத்தில் இல்லை, "இல்லை, இல்லை" என்ற அந்த வரியில்தான். 2013 தரம்வீர் சிங் தீர்ப்பைப் படியுங்கள். சேரும்போது மெடிக்கலில் குறிக்காத நோய் பிறகு வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் போர்டுதான் காரணம் காட்ட வேண்டும். போர்டு தாள்களின் நகலை, அப்பாவின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். காரணம் எழுதும் கட்டத்தில் ஒற்றை வரிதான் இருந்தால் அதுவே உங்களுக்குப் பலம்.

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. இத்தனை வருடம் கழித்து யார் கேட்பார்கள்?

பதில் 2 (தருமபுரி)
கேட்பார்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்று 2008 தர்செம் சிங் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் நிலுவை பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான், அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அப்பாவின் பணம் போகிறது. படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது, இந்த வழக்குகளையே நடத்தும் வக்கீலாகப் பாருங்கள்.

பதில் 3 (நர்ஸ், ஓசூர்)
அண்ணா, வழக்கு நடக்கட்டும், அப்பாவை உடனே குடல்நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். குழாயின் அடிவாய் திறக்காததால்தான் சாப்பாடு நிற்கிறது, அதை பலூனால் விரிக்கலாம், எண்டோஸ்கோப் வழியே தசையை வெட்டியும் விடலாம். இரவு இருமல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, தேங்கிய உணவு நுரையீரலுக்குள் போய்விடும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள், படுப்பதற்கு முன் எதுவும் கொடுக்காதீர்கள். எடை குறைகிறதா?