கலரி ஜன்னல்

குழு: பெரிய லயத்து உறவுகள்

சனிக்கிழமை

மாலை 6.12
செல்வி: [படம்]

செல்வி: இன்றைக்கு டவுனுக்குப் போனேன். இது எந்த இடம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மோகன்: ஹார்ட்வெயார் கடை. சிமெந்து, பெயின்ட், தகரம். இதில் என்ன போட்டி?

பிரியா: கூரையைப் பாருங்கள் மோகன் அண்ணா. சிமெந்து மூட்டைக்கு இவ்வளவு உயரம் எதற்கு?

ராஜு பெரியப்பா: தியேட்டர்.

ராஜு பெரியப்பா: மேலே சதுரமாக இரண்டு ஓட்டை தெரிகிறதா? அதற்குப் பின்னால்தான் நான் 12 வருசம் இருந்தேன்.

மோகன்: அப்பா, நீங்கள் டிக்கெட் கிழித்தீர்கள் என்று அல்லவா அம்மா சொல்வார்?

ராஜு பெரியப்பா: அது முதல் வருசம். 1969. அப்புறம் ஆபரேட்டருக்குக் கையாள்.

ராஜு பெரியப்பா: [குரல் செய்தி, 4.37]

கூடலூர் அத்தை: அண்ணே, எனக்கு இந்தப் போனில் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது எழுதிப் போடுங்கள்.

செல்வி: நான் எழுதுகிறேன் அத்தை, கொஞ்சம் பொறுங்கள்.

மாலை 6.48
செல்வி: பெரியப்பா சொன்னது இது. "படப்பெட்டி கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் வரும். விடியும் முன்பே தள்ளுவண்டியோடு ஹட்டன் ஸ்டேசனில் நிற்க வேண்டும். குளிரில் பெட்டியின் பிடி கையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு தமிழ்ப் படம் என்றால் 15, 16 ரீல். ஆயிரம் அடி ரீல் 11 நிமிசம் ஓடும். கூலிக்காரரை வைத்தால் காசு போகும் என்று முதலாளி என்னையே இழுக்கச் சொல்வார். ஏற்றத்தில் வண்டி பின்னால் வரும். ஒருநாள் நானும் பெட்டியும் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தோம். பெட்டிக்கு ஒன்றுமில்லை."

பிரியா: மாமாவுக்கு?

ராஜு பெரியப்பா: முழங்கால். இப்போதும் மழை வந்தால் அதுதான் முதலில் சொல்லும்.

மோகன்: எந்தப் படம் போடுவது என்று யார் முடிவெடுப்பார்கள் அப்பா? இப்போது மாதிரி எல்லா இடத்திலும் ஒரே வெள்ளிக்கிழமையா?

ராஜு பெரியப்பா: எங்கே! அந்தக் காலத்தில் இந்தியப் படத்தைக் கொண்டுவந்து விட்டது மூன்று பெரிய கம்பனிகள். சிலோன் தியேட்டர்ஸ், சினமாஸ் லிமிடெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ். தியேட்டர் எந்தக் கம்பனியோடு சேர்ந்ததோ அந்தக் கம்பனிப் படம்தான் அதற்கு. முதலில் கொழும்பு, யாழ்ப்பாணம். அங்கே கூட்டம் குறைந்த பிறகு கண்டி. கண்டியும் சலித்த பிறகு நமக்கு.

ராஜு பெரியப்பா: நம்மிடம் வரும்போது அந்த பிரிண்டில் ஒட்டுப் போடாத ரீல் இருக்காது. திரை முழுக்கக் கோடு. வெளியே தகரத்தில் மழை, உள்ளே படத்தில் மழை.

லெட்சுமி அத்தை: நாங்கள் அதை நிஜமான மழை என்றே நினைத்தோம் அண்ணே. இந்தியாவிலும் நம்மைப் போலவே எப்போதும் மழை போலிருக்கிறது என்று.

மோகன்: ஹா ஹா. வீட்டுக்குள் கட்டிலில் இருக்கும்போதும் மழையா அத்தை?

லெட்சுமி அத்தை: நம் காம்பராவுக்குள் பெய்யவில்லையா?

ராஜு பெரியப்பா: 1972ல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. இறக்குமதி, விநியோகம் எல்லாம் அதன் கைக்குப் போனது. அதன் பிறகு படம் இன்னும் குறைவு, இன்னும் தாமதம். முதலாளி கடிதம் எழுதுவார், ஆள் அனுப்புவார். சில மாதம் புதுப்படமே இராது. பழைய படத்தையே திரும்பப் போடுவோம். அதற்கும் வந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

செல்வி: வசூலை எப்படிப் பிரிப்பார்கள் பெரியப்பா?

ராஜு பெரியப்பா: களியாட்ட வரி போக மிச்சத்தில் பங்கு. டிக்கெட் புத்தகத்தில் நகர சபை முத்திரை இருக்கும். இரவு ஆட்டம் முடிந்ததும் அடிக்கட்டையை எண்ணிக் கணக்கு எழுதினால்தான் வீட்டுக்குப் போகலாம். மற்றபடி முதலாளிக்குக் கலண்டரில் ஒரே திகதிதான் தெரியும்.

பிரியா: எது?

லெட்சுமி அத்தை: 10. சம்பளம்.

ராஜு பெரியப்பா: அதுதான். சம்பளம் போட்டு வரும் சனிக்கிழமைக்குப் பெரிய நடிகர் படம் வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுவார். மாதக் கடைசியில் யாரும் பார்க்காத படத்தை ஓட்டுவார். அதைப் பார்க்க நானும் ஆபரேட்டரும் ஒரு நாயும்.

இரவு 7.20
மோகன்: ஆன்லைன் புக்கிங் இல்லாமல் சீட் எப்படிப் பிடித்தீர்கள் என்று என் மகன் கேட்கிறான்.

லெட்சுமி அத்தை: தலையால் பிடித்தோம் என்று சொல்.

ராஜு பெரியப்பா: கலரிக்கு, அதாவது மலிவு டிக்கெட்டுக்கு, புக்கிங்கே கிடையாது. ஆள் ஒருக்களித்து நிற்கிற அகலத்தில் ஒரு சுவர் இடுக்கு. அதன் முடிவில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. காசைப் பொத்திய கை உள்ளே போகும், டிக்கெட்டைப் பொத்திய கை வெளியே வரும். முகம் தெரியாது. கையை வைத்தே நான் ஆளைச் சொல்வேன். கொழுந்துக் கறை இருந்தால் நம் ஆள். கவ்வாத்துக் கத்தி வெட்டு இருந்தாலும் நம் ஆள்.

ராஜு பெரியப்பா: ஓ.டி.சி., அதாவது விலை கூடிய நாற்காலி மட்டும் வேறு. தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளிலிருந்து துண்டுச் சீட்டு வரும். "மூன்று பேர், இரவு ஆட்டம்" என்று எழுதியிருக்கும். முதலாளி அந்த நாற்காலிகளில் பேப்பர் போட்டு வைப்பார். அதுதான் புக்கிங்.

கூடலூர் அத்தை: அம்மா ஓ.டி.சி.யில் உட்கார்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா?

செல்வி: அப்பாயியா? ஓ.டி.சி.யிலா?

பிரியா: அம்மாயி கதை எனக்கே தெரியாதே! அம்மா, நீங்கள் சொன்னதே இல்லை.

லெட்சுமி அத்தை: நீ எங்கே கேட்டாய்?

லெட்சுமி அத்தை: 1970 தீபாவளிக்கு முதல் நாள். எனக்கு 9 வயசு. அட்வான்ஸ் வாங்கி, துணி எடுத்து, மிச்சக் காசை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாத காசு. அக்கா, நான், அம்மா மூவரும் நனைந்த கம்பளியோடு கலரி இடுக்கில் நின்றோம். பாதி வழியில் கலரி முடிந்துவிட்டது என்று உள்ளிருந்து ஒரு குரல்.

ராஜு பெரியப்பா: அது என் குரல். நிஜமாகவே முடிந்துவிட்டது. அம்மா நிற்பது எனக்குத் தெரியாது, கை இன்னும் உள்ளே வரவில்லையே.

லெட்சுமி அத்தை: ஐந்து மைல் நடந்து வந்தாயிற்று. அம்மா எங்களைப் பார்த்தாள். முன்பக்க ஜன்னலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்து "மூணு" என்றாள். "கலரி பின்னால் அம்மா" என்றான் அந்தப் பையன். "தெரியும். இது எவ்வளவு?" என்றாள். முடிச்சில் இருந்தது முழுவதும் போனது. அரிசிக்கு வைத்த காசும் அதில்தான்.

கூடலூர் அத்தை: பாதிதான் போனது. மிச்சத்தில் கடலை வாங்கினோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

லெட்சுமி அத்தை: கடலை வாங்கவில்லை அக்கா. பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். நாம் பார்த்தோம்.

கூடலூர் அத்தை: சரி, அப்படியே இருக்கட்டும்.

லெட்சுமி அத்தை: பக்கத்து நாற்காலியில் யார் என்றால், மலையில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஐயாவின் சம்சாரம். எங்கள் கம்பளி வாடைக்கு மூக்கைப் பொத்தினார். இடைவேளையில் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். அம்மா கம்பளியை அந்தக் காலி நாற்காலியில் விரித்துக் காயப் போட்டாள்.

மோகன்: அப்பாயி!!!

செல்வி: அப்புறம்? தோட்டத்தில் விட்டார்களா?

லெட்சுமி அத்தை: தீபாவளி முடிந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் கணக்கப்பிள்ளை ஐயா எல்லார் முன்னாலும் கேட்டார். "என்ன, நேற்று முந்தாநாள் ஓ.டி.சி.யாமே?" அம்மா சொன்னாள், "அங்கேயும் அதே படந்தாங்க. நாற்காலி மட்டும் மெத்து." ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் பிசகு. ஒரு வாரம் 14ம் நம்பர் மலையில் வேலை. மேலே ஏறவே ஒரு மணி நேரம், அட்டை வேறு.

லெட்சுமி அத்தை: அந்த ஒரு வாரமும் கொழுந்து எடுக்கும்போது படத்தின் கதையை நிரை நிரையாகச் சொன்னாளாம். கலரி கிடைக்காமல் திரும்பி வந்த பெண்கள் எல்லாரும் மலையிலேயே படம் பார்த்துவிட்டார்கள்.

பிரியா: அது என்ன படம்?

கூடலூர் அத்தை: எம்.ஜி.ஆர். படம்.

ராஜு பெரியப்பா: சிவாஜி படம். ஓட்டினவன் நான்.

கூடலூர் அத்தை: நீங்கள் அன்று டிக்கெட்டில் இருந்தீர்கள் அண்ணே. இப்போதுதான் சொன்னீர்கள், உங்கள் குரல் என்று.

மோகன்: அப்பா அவுட்.

ராஜு பெரியப்பா: நம்மாட்களுக்கு எல்லாப் படமும் எம்.ஜி.ஆர். படம்தான். அவர் 1917ல் கண்டியில் பிறந்தவர் என்று சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரராகவே ஆக்கிவிட்டார்கள். 1965ல் அவரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது நம் லயத்து வரிசை வீட்டுக்கே வந்துவிட்டுப் போன மாதிரி பேசுவார்கள்.

லெட்சுமி அத்தை: படம் எதுவாக இருந்தால் என்ன. எனக்கு வேறு ஒன்றுதான் இன்னும் ஆறவில்லை. அந்தக் காலத்தில் பெண்ணாளுக்குப் பெயர்ச் சம்பளம், அதாவது நாள் சம்பளம், குறைவு. 1984ல்தான் ஆணோடு சமமாக்கினார்கள். ஆனால் டிக்கெட் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலை.

இரவு 8.05
செல்வி: கூடலூர் அத்தை, அங்கே எப்படி இருந்தது?

கூடலூர் அத்தை: 1974ல் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத்து ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்தபோது எங்கள் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. இங்கே வந்தும் அதே தேயிலை, அதே குளிர். படத்துக்குப் போய் "கலரி ஒன்று" என்றேன். அப்படி ஒன்று இல்லை, தரை டிக்கெட்டா பெஞ்சா என்றான். டூரிங் கொட்டகை. கீழே மணல். நாற்காலி கனவு அதோடு சரி.

கூடலூர் அத்தை: ஆனால் படம் உடனே வந்துவிடும். பார்த்துவிட்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன். முடிவை எழுதாதே, இங்கே வர இரண்டு வருசம் ஆகும் என்று அண்ணன் பதில் போடுவார்.

ராஜு பெரியப்பா: நீ எழுதிவிடுவாய். அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிவிடுவாள். பாதி லயம் படத்துக்கு வராது. முதலாளிக்கு நஷ்டம் பண்ணியது நம் குடும்பம்தான்.

பிரியா: முதல் ஸ்பாய்லர் அம்மாயிதான்.

ராஜு பெரியப்பா: 1975ல் மட்டும் முடிவு தெரியாமல் போனோம். புதிய காற்று. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் எடுத்தது, இங்கேயே எடுத்த படம், நம் தோட்டத்து வாழ்க்கை. இந்தியாவிலிருந்து யாரும் கதை எழுதி அனுப்ப முடியாது தானே.

லெட்சுமி அத்தை: அப்புறம் ரேடியோ. திரைவிருந்து நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசினால் அடுப்பில் ரொட்டி கருகும்.

செல்வி: தியேட்டர் எப்போது மூடினார்கள் பெரியப்பா?

ராஜு பெரியப்பா: நான் 1981ல் விலகிவிட்டேன். 1982ல் ரூபவாஹினி டீவி வந்தது. அப்புறம் வீடியோ டெக். திருவிழாவுக்கு டீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய நான்கு படம். 83 கலவரம் வந்தது. அதைப் பற்றி இன்றைக்கு வேண்டாம்.

லெட்சுமி அத்தை: வேண்டாம் அண்ணே.

ஞாயிற்றுக்கிழமை

காலை 10.31
ராஜு பெரியப்பா: செல்வி, டவுன் பக்கம் போனால் அந்தக் கடைக்காரரிடம் கேட்டுப் பார். டிக்கெட் ஜன்னல் இன்னும் இருக்கிறதா என்று.

மதியம் 12.15
செல்வி: [படம்]

செல்வி: கேட்டேன் பெரியப்பா. நல்ல மனிதர், உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். பெயின்ட் டின் அடுக்கி வைத்திருக்கிறார்கள். டின்களை நகர்த்தித்தான் எடுத்தேன்.

கூடலூர் அத்தை: ஐயோ, அதே ஜன்னல். அம்மா நின்ற மாதிரியே இருக்கிறது.

மோகன்: கை இவ்வளவு சுலபமாகப் போகுமே அப்பா. நீங்கள் சொன்ன அளவுக்கு ஒன்றும் சின்னதாக இல்லையே.

ராஜு பெரியப்பா: இது ஓ.டி.சி. ஜன்னல். என்னுடையது பின்பக்கம், கானுக்குப் பக்கத்தில். அங்கே போய்ப் பார்க்கச் சொல்.

செல்வி: பின்பக்கமும் போனேன் பெரியப்பா. சுவர்தான் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கை அளவுக்குச் சிமெந்து நிறம் வேறாக இருக்கிறது.

ராஜு பெரியப்பா: இடுப்பு உயரத்திலா?

செல்வி: ஆமாம்.

ராஜு பெரியப்பா: அதைப் படம் எடுத்து அனுப்பு.