டெல்லர் என்றால் கதை சொல்பவரா? பேரனுக்குப் பதில் வேண்டும்

அங்மோகியோ தாத்தா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல், மூன்று நாளாக என்னைப் படுத்தி எடுக்கிறது.

என் பேரன் தொடக்கநிலை 2 படிக்கிறான். பள்ளியில் 'ஷோ அண்ட் டெல்' என்று ஒன்று உண்டு. வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுபோய், வகுப்பின் முன்னால் நின்று அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். இவன் பொம்மை எதையும் எடுக்கவில்லை. என் அலமாரியைக் குடைந்து, அடித்தட்டில் பழைய வேட்டிகளுக்குக் கீழே கிடந்த ஒரு பலகையை எடுத்து வந்து நின்றான். ஒரு சாண் நீளம், கறுப்புப் பிளாஸ்டிக், வெள்ளை எழுத்து: 'டெல்லர் 4'.

1981 முதல் 2009 வரை, 28 வருடம், நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு வங்கி முகப்பில் பணம் வாங்கிக் கொடுத்தவன். பறவை படம் போட்ட நோட்டு, கப்பல் படம் போட்ட நோட்டு, அப்புறம் அதிபர் யூசோப் இஷாக் படம் போட்ட நோட்டு, எல்லாம் இந்த விரல்கள் வழியாகப் போயிருக்கின்றன. முகப்பைப் புதுப்பித்தபோது குப்பையில் போடவிருந்த பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன். அதுதான் அது.

பேரன் கேட்டான்: "தாத்தா, டெல்னா சொல்றது. டெல்லர்னா சொல்றவர். நீங்க பேங்க்ல என்ன சொன்னீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரம்மா அடுக்களையிலிருந்து, "உங்க தாத்தாவா? வீட்டுலயே அந்த மனுஷன் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது" என்றாள். சரி, அதை விடுங்கள்.

பணம் எண்ணுகிறவருக்கு அப்படித்தான் பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா கவுண்ட்டர்னுதானே பேர் வச்சிருக்கணும்?" என்கிறான். கவுண்ட்டர் என்பது நான் உட்கார்ந்த மேசைக்குப் பெயர் என்றேன். "மேசை எண்ணுது, நீங்க பேசுறீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். போதாக்குறைக்கு, புளோக்குக்குக் கீழே இருக்கிற ஏடிஎம்மும் 'ஆட்டோமேட்டட் டெல்லர் மெஷின்'தான் என்று மருமகள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த மெஷின் முன்னால் போய், "கதை சொல்லு" என்கிறான். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள்.

28 வருடம் நெஞ்சுக்கு நேராக இருந்த சொல்லுக்கு எனக்கே அர்த்தம் தெரியாமல் போனது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவன் பேச வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

---

செங்காங் சேகர் எழுதியது:

தாத்தா, இது ரொம்பச் சுலபம். சாயங்காலம் கணக்கு டாலி ஆகிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? டாலி பார்க்கிறவர் டாலியர். வாய்க்கு வாய் மாறி டெல்லர் ஆகிவிட்டது. சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேரனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

---

டியூஷன் டீச்சர் எழுதியது:

சேகர் தம்பி, தயவுசெய்து அந்தப் பிள்ளையை இப்படி அனுப்பிவிடாதீர்கள். வகுப்பு ஆசிரியர் திருத்தினால் முகம் வாடிப்போகும்.

டாலி வேறு குடும்பம். லத்தீனில் 'தாலேயா' என்றால் வெட்டிய குச்சி. இங்கிலாந்தின் அரசாங்கக் கருவூலத்தில் ஒரு காலத்தில் கணக்கைக் குச்சியில் வெட்டுப்போட்டு வைத்தார்கள். குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி. பின்னால் இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். நாம் இன்றைக்கும் 'டாலி ஆகுது' என்று சொல்வது அந்தப் பொருத்தத்தைத்தான். அந்தப் பழைய குச்சிகளை 1834 அக்டோபரில் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரிக்கப்போய், பார்லிமென்ட் கட்டடமே பற்றிக்கொண்டு எரிந்தது. பார்லிமென்ட் என்ற சொல்லுக்கே பேசுகிற இடம் என்றுதான் பொருள்; பிரெஞ்சில் 'பார்லே' என்றால் பேசுதல். பியூட்டி பார்லரும் அதே வேர்தான். மடங்களில் துறவிகள் வெளியாட்களிடம் பேசுவதற்கு என்று வைத்திருந்த அறைக்குப் பெயர் பார்லர். தேக்கா பக்கம் புருவம் திருத்தப் போனவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இப்போது தாத்தாவின் பலகைக்கு வருகிறேன்.

ஐயா, உங்கள் பேரன் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் சொன்ன பதிலும் சரிதான். பழைய ஆங்கிலத்தில் 'டெல்லன்' என்றொரு வினைச்சொல். அதற்கு எண்ணுவது என்றும் பொருள், எடுத்துச் சொல்வது என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல், வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் அது எண்ணிக்கை. நடந்ததை அப்படிச் சொன்னால் கதை. நாளாக ஆக எண்ணுகிற வேலையைக் 'கவுண்ட்' என்ற பிரெஞ்சு வழிச் சொல் எடுத்துக்கொண்டது. டெல்லுக்குச் சொல்கிற வேலை மட்டும் மிஞ்சியது. உங்கள் முகப்பில் மட்டும் பழைய அர்த்தம் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டது!

அது வேறு சில மூலைகளிலும் பதுங்கியிருக்கிறது. 'ஆல் டோல்ட்' என்றால் எல்லாவற்றையும் சொல்லி முடித்து என்பதல்ல, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால் என்பது. 'அன்டோல்ட் வெல்த்' என்றால் வெளியே சொல்லாத சொத்து இல்லை, எண்ணி மாளாத சொத்து. என் உயர்நிலைப் பிள்ளைகள் பத்துக்கு எட்டுப் பேர் இதைத் தப்பாகத்தான் எழுதுகிறார்கள். லண்டன் பார்லிமென்டில் வாக்கெடுப்பின்போது தலைகளை எண்ணும் உறுப்பினர்களுக்கு இன்றைக்கும் டெல்லர்கள் என்றுதான் பெயர். பணத்துக்குப் பதில் தலை, அவ்வளவுதான்.

கவுண்ட் வந்த வழியிலும் இதே கதைதான். லத்தீனில் 'கொம்புத்தாரே' என்றால் கணக்கிடுதல். கம்ப்யூட்டரும் கவுண்ட்டும் அதிலிருந்து வந்தவைதான். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒரே சொல்லை 'கோன்த்தே' என்று ஒரே உச்சரிப்பில் வைத்துக்கொண்டு, எழுத்தில் மட்டும் எண்ணுவதற்கு ஒன்று, கதை சொல்வதற்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்திலும் 'ரீகவுண்ட்' என்றால் நடந்ததை எடுத்துச் சொல்வது, வாக்குகளைத் திரும்ப எண்ணுவதும் அதுதான். ஆக, பேரன் சிரித்தானே, மேசை எண்ணுகிறது தாத்தா பேசுகிறார் என்று, அந்த இரண்டு சொல்லுமே எண்ணிக்கொண்டு கதையும் சொன்னவைதான்.

இன்னும் ஒன்று. பள்ளியில் மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பதை 'டெல்லிங் தி டைம்' என்கிறார்கள். ஜெபமாலையை உருட்டுவதற்கும் பழைய ஆங்கிலத்தில் மணிகளை டெல் பண்ணுவது என்றுதான் பெயர். அந்த மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லின் முதல் அர்த்தமே ஜெபம். ஜெபத்தை எண்ணப் பயன்பட்ட உருண்டைக்குப் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் பாருங்கள், மாலையில் கோத்ததும் மணி, கடிகாரம் காட்டுவதும் மணி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

---

யாழ்ப்பாணத்துப் பேத்தி எழுதியது:

டீச்சர், உங்கள் பதிலைப் படித்ததும் என் அம்மம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

நான் இங்கேயே பிறந்தவள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். நாங்கள் 'பேசுறது' என்று சொல்ல மாட்டோம், 'கதைக்கிறது' என்போம். எங்கள் பக்கம் பேசினார் என்றால் ஏசினார் என்று அர்த்தம். தொடக்கநிலை 1இல் முதல் வாரம், தமிழாசிரியரிடம் போய், "டீச்சர், இவ என்னோட கதைக்கிறாள் இல்லை" என்று அழுதேன். அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏம்மா, இவளுக்கு ஒரு கதை சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அவளும் பாவம், முயலும் ஆமையும் கதையை ஒப்பித்தாள். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மம்மா சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் 'டாக்' என்பது 'டேல்' என்ற சொல்லின் உறவுதான் என்று கல்லூரியில் படித்தபோதுதான், நாங்கள் கதைப்பது ஒன்றும் விசித்திரம் இல்லை என்று தெரிந்தது. டேல், டெல், டாக் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்தக் குடும்பம் பக்கத்து நாடுகளில் போய் இருக்கிற இருப்பைப் பார்த்தால் வேடிக்கை: ஆங்கிலத்தில் 'டேல்' கதை, டச்சில் 'தால்' மொழி, ஜெர்மனில் 'த்சால்' எண். டேனிஷ்காரர்களுக்குப் பேச்சு ஒன்று, எண் ஒன்று, இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் வித்தியாசம்.

மலாயில் சொல்லுக்கு 'காத்தா' என்கிறோமே, அதுவும் நம் கதையும் சமஸ்கிருதக் 'கதா'விலிருந்து வந்தவை. பேச்சுக்கு அவர்கள் சொல்லும் 'பிச்சாரா' நம் விசாரணையின் சொந்தம். தாத்தாவின் பேரனுக்கு இது தேவைப்படாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

---

கோப்பி ஓ கொசோங் எழுதியது:

தேவைப்படும் அக்கா. மலாய் என்றதும் எனக்கு 'கீரா' நினைவுக்கு வந்தது.

நாசி படாங் சோற்றுக் கடையில் தட்டில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கல்லாவில் போய் நின்றால் மக்சிக், அந்த மலாய் அம்மா, கீரா பண்ணுவார், அதாவது கணக்குப் போடுவார். அதே ஆள், "சாயா கீரா நாளைக்கு மழை" என்றால் நான் நினைக்கிறேன் என்று அர்த்தம். எண்ணுவதும் நினைப்பதும் ஒரே சொல். நம் 'எண்ணு' அச்சு அசல் அப்படித்தானே? 'எண்ணித் துணிக கருமம்' என்பதைக் காசை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கு என்றுதான் சின்ன வயதில் புரிந்துகொண்டேன். வியாபாரத்தில் அதுவும் தப்பில்லை.

ஆங்கில 'ரெக்கன்' இந்த மூன்றையுமே பார்த்துவிட்டது. முதலில் எடுத்துச் சொல்வது, பிறகு கணக்கிடுவது, இப்போது நினைப்பது.

சேகர் அண்ணே, ஆளையே காணோம்?

---

செங்காங் சேகர் எழுதியது:

இருக்கிறேன். குச்சி கதை படித்துக்கொண்டிருந்தேன். டாலியரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

அங்மோகியோ தாத்தா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, கொஞ்ச நேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் பேரன் கேட்டதற்குப் பதில் என்னிடமே இருந்திருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முகப்புக்கு வரும் கிழவிகள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மெஷின் எண்ணினால் நம்ப மாட்டார்கள். நோட்டை ஒவ்வொன்றாக அவர்கள் கண் முன்னால் வைத்து, வாய்விட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும். மலாய்க்காரர் வந்தால் 'சத்து, துவா, தீகா'. சீனக் கிழவி வந்தால் ஹொக்கியனில் 'சித், நோ, சா'. நம் ஆள் வந்தால் தமிழில். சிலர் என்னோடு சேர்ந்து உதட்டை அசைப்பார்கள். நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் சொல் சொல்லியிருப்பேன்! வீட்டுக்கு வந்தால் பேச்சு வராததற்கு இப்போது காரணம் தெரிகிறது. இதை என் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தார். பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். வீட்டில் மாதாமாதம் அரிசியை டின்னில் அளந்து போடும்போதுகூட ஒன்று என்று தொடங்க மாட்டார். "லாபம்" என்பார், அப்புறம் "ரெண்டு, மூணு". முதல் படி எப்போதும் லாபம்தான். எண்ணும்போது யாராவது நடுவில் பேசினால் அளந்ததை எல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பிப்பார். அம்மாவுக்குக் கோபம் வரும்.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன். டெல் என்றால் முன்பு எண்ணுவதும்தான், தாத்தா எண்ணியதை வாய்விட்டுச் சொன்னார், அதனால் இரண்டுமே சரி. அவனுக்குக் குச்சி எரிந்ததும் பிடித்துவிட்டது. ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் கட்டடத்தைக் கொளுத்த முடியாது என்று அவன் அம்மா எடுத்துவிட்டாள். கடைசியில் என்ன முடிவு என்றால், வகுப்பில் பலகையை மேசைமேல் வைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டு, காசை எண்ணிக் காட்டப்போகிறானாம், மூன்று மொழியில். நேற்றிரவு ஒத்திகை. "லாபம், சத்து..." என்று கலந்துவிட்டான். நானும் திருத்தவில்லை.

அதற்காக என்னிடம் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் இருபது வாங்கிக்கொண்டான். சிறு பையில் போட்டு முடிந்து கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும் எண்ணித்தான் வாங்குவேன்.