போயா லீவு முடிந்து வந்தால் கார் ஸ்டார்ட் ஆகுதில்லை

வெள்ளவத்தைக்காரன்:
2008 டொயோட்டா ஆக்சியோ கார். தினமும் கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்தால் ஒரு குறையும் இல்லை. போன திங்கள் போயா, பௌர்ணமி லீவு. வெள்ளி பின்னேரம் ஃபிளாட்டுக்குக் கீழே நிறுத்தியதை செவ்வாய் காலையில் எடுக்கப் போனால் வெறும் டிக் டிக் சத்தம்தான். இரண்டு மாதம் முந்தியும் இப்படித்தான். அப்போது கராஜ் பாஸ் சொன்னதை நம்பிப் பற்றரியை மாற்றினேன். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுகிறது. இரவு நிறுத்தினால் காலையில் 12.4. டாஷ்கேம் போட்டிருக்கிறேன், அதுவா?

தெஹிவளை மச்சான்:
நிச்சயம் டாஷ்கேம்தான். கழற்றி எறி.

பழைய வயர்மன்:
மச்சான், அவசரப்படாதீங்க. தம்பி, 14.2 என்றால் சார்ஜ் ஏறுகிறது. நிறுத்திய பிறகு எதுவோ குடிக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் மீற்றரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பிடியுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலும் நேரே தொட்டால் மீற்றர் பியூஸ் போய்விடும். சாவி போடாதீர்கள். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள். காரில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05 ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. கூடினால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் இறங்குகிறது என்று பாருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
அண்ணை, பார்த்தேன். முதலில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது, பயந்துபோனேன். பிறகு இறங்கி 0.44-இல் நின்றுவிட்டது. டாஷ்கேமைக் கழற்றினாலும் அசையவில்லை (மச்சான், கவனிக்க). டோம் (உள் லைட்) என்று எழுதிய பியூஸை எடுத்ததும் 0.02! ஆனால் உள்ளே லைட் எதுவும் எரியவில்லையே?

பழைய வயர்மன்:
டிக்கி லைட்டைப் பார்த்தீர்களா? 5 வாட் பல்ப் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. மூன்றரை நாளில் உங்கள் பற்றரியில் என்ன மிஞ்சும்? போனை வீடியோ எடுக்கவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
எரிகிறது அண்ணை! மூடிய டிக்கிக்குள் வெளிச்சமாய்க் கிடக்கிறது. மாமியைக் கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் ஏற்றிவிட்ட அன்று பெட்டியை அமத்தி டிக்கியை அடித்து மூடினேன், அதில்தான் லொக்கில் இருக்கிற சுவிட்ச் போயிருக்க வேண்டும். இப்போதைக்கு பல்பைக் கழற்றிவிட்டேன். சனிக்கிழமை பஞ்சிகாவத்தை பழைய கார்ப் பாகக் கடைகளில் லொக் ஒன்று தேடப் போகிறேன். மாற்றிய பற்றரிக்காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.