ஐந்தாண்டு முடிந்ததும் வீட்டை விற்பது பிள்ளைக்கு நல்லதா?

செங்காங்_அப்பா:
சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு, விற்பதற்கு முன் வசித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலமான 5 ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. தொடக்கநிலை ஒன்றுக்கான (முதலாம் வகுப்பு) சேர்க்கையில், பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை உண்டு என்பதால், இதை விற்றுவிட்டுப் பீஷான் பக்கம் செல்ல முடிவெடுத்திருக்கிறோம். நான்கு வயது மகளோ, "நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்கிறாள். பெற்றோர் இருக்கும் இடம்தான் பிள்ளைக்கு வீடு; ஆறே மாதத்தில் பழையதை மறந்துவிடுவாள் என்பது என் கருத்து.

தோபாயோக்காரி:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நான் மூன்று வீடுகள் மாறியவள். இரண்டாவது வீட்டில் நடுஇரவில் எழுந்து கழிவறைக்குப் போக நடந்தபோது அலமாரியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். பழைய வீட்டில் கதவு இருந்த பக்கமாகவே என் கால்கள் சென்றிருந்தன. அம்மாவும் அப்பாவும் அடுத்த அறையில்தான் உறங்கிக்கொண்டிருந்தார்கள். போகட்டும், இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: தூரத்தைக் காட்டி இடம் பெற்றால், அந்த முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் குடியிருந்தாக வேண்டும். அவ்வளவு அருகில் இருந்தும் குலுக்கலில் இடம் கிடைக்காமல் போவதும் உண்டு.

மூன்றாம்மாடி:
இருவரும் சொந்த வீடு உள்ளவர்களாகவே பேசுகிறீர்கள். நாங்கள் ஐந்து பேர் ஓரறை வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் மெத்தைகளைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்த பிறகே நடக்க இடம் கிடைக்கும். வீட்டுப்பாடத்தைக் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் செய்வேன். பதினோர் ஆண்டுகள் வீடே மாறவில்லை. ஆனாலும், அப்பாவும் அம்மாவும் சண்டையிட்ட நாள்களில், பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கின் (அத்தை போன்றவரை மலாயில் அப்படித்தான் அழைப்போம்) வீடுதான் எனக்கு வீடாக இருந்தது. தம் பிள்ளைகளின் செருப்புகளோடு என்னுடையதையும் அவர் வரிசையில் எடுத்து வைப்பார். அதே சுவர்களுக்குள் இருப்பதால் மட்டும் அது வீடாகிவிடாது, அக்கா.

தோபாயோக்காரி:
தம்பி, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்! ஐந்தாண்டுக்கொருமுறை இடம் மாறியிருந்தால் அந்த மக்சிக் உங்களுக்கு எங்கிருந்து வந்திருப்பார்? அண்டை வீட்டார் முகமறிந்து பழகவே இரண்டு தீபாவளியும் இரண்டு நோன்புப் பெருநாளும் கடந்தாக வேண்டும்.

மூன்றாம்மாடி:
அதை மறுக்கவில்லை. ஆனால் பதினோர் ஆண்டுகள் இருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எல்லா வரிசையிலும் மக்சிக் இருப்பதில்லை.

செங்காங்_அப்பா:
எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மாலைதோறும் மகளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் தருவதை நான் பொருட்படுத்தியதே இல்லை. விற்கும் முடிவை மாற்றப் போவதில்லை என்றாலும், போக ஏன் மறுக்கிறாய் என்று நேற்றுதான் மகளிடம் கேட்டேன். மின்தூக்கியில் எங்கள் மாடிக்கான 9ஆம் எண் பொத்தான் இந்த மாதம்தான் அவளுக்கு எட்டத் தொடங்கியிருக்கிறதாம்.